அப்பாவுக்குத் தைராய்டா? ஐசியு ரிப்போர்ட்டில் குறைந்த மூன்று எண்கள்

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகக் கொஞ்சம் திருத்தியிருக்கிறோம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

போன எபிசோடுக்கும் இதுக்கும் நடுவுல பெரிய இடைவெளி விழுந்துடுச்சு. என்ன ஆச்சுன்னு நிறைய பேர் மெசேஜ்ல கேட்டிருந்தீங்க. அப்பாவுக்கு நிமோனியா. சென்னையில ஒரு மருத்துவமனையோட ஐசியுவில பதினோரு நாள், அதுல ஆறு நாள் வென்டிலேட்டர். இப்போ வீட்டுக்கு வந்துட்டார். நேத்து காபியில சர்க்கரை கம்மின்னு அம்மாகிட்ட சண்டை போட்டார். அந்தச் சண்டையைக் கேட்ட பிறகுதான் மைக் முன்னாடி உட்காரலாம்னு தோணுச்சு.

ஆனா இன்னிக்கு நிமோனியாவைப் பத்திப் பேசப் போறதில்லை. அந்தப் பதினோரு நாள்ல ஒரு ராத்திரி முழுக்க என்னைத் தூங்கவிடாம பண்ணின ஒரு காகிதத்தைப் பத்தித்தான்.

அஞ்சாவது நாள். பில்லிங் கவுன்ட்டர்ல ஒரு கத்தை ரிப்போர்ட் கொடுத்தாங்க. புரட்டிப் பார்க்கிறேன். தைராய்டு ப்ரொஃபைல்னு ஒரு பக்கம். டி3 அளவு 38. பக்கத்துலயே போட்டிருக்கு, 80லேருந்து 200க்குள்ள இருக்கணும்னு. டி4 அளவு 4.1; குறைஞ்சது 5 இருக்கணும். டிஎஸ்எச் 0.3, அதுவும் 0.4க்குக் கீழே. மூணுமே தடித்த எழுத்துல, பக்கத்துல கீழ்நோக்கி ஒரு அம்புக்குறி. அப்பாவுக்கு அதுவரைக்கும் தைராய்டு பிரச்சினைன்னு யாரும் சொன்னதே கிடையாது.

நான் பண்ணின முதல் தப்பு, அதை போட்டோ எடுத்து ஃபேமிலி குரூப்ல போட்டது. அஞ்சு நிமிஷத்துல பெரியப்பா, "தைராய்டு ஃபெயிலியர் போல இருக்கே." அடுத்தது அத்தை. அவங்க ஆறு வருஷத்துக்கு முன்னாடி டெங்குவுல ஆஸ்பத்திரியில இருந்தப்பத்தான் அவங்களுக்கும் கண்டுபிடிச்சாங்களாம், அன்னிலேருந்து தினமும் காலையில வெறும் வயித்துல ஒரு மாத்திரை. "உடனே ஆரம்பிக்கச் சொல்லுடா, தள்ளிப் போடாதே." ரெண்டாவது தப்பு, ராத்திரி ரெண்டு மணிக்கு இன்டர்நெட்ல தேடினது. டிஎஸ்எச்சும் கம்மி, ஹார்மோனும் கம்மின்னா பிரச்சினை கழுத்துல இல்ல, மூளைக்கு அடியில இருக்கிற பிட்யூட்டரியில இருக்கலாம்னு போட்டிருந்தான். மூணு மணிக்கெல்லாம் நான் எங்க அப்பாவுக்கு மூளைக் கட்டியே வர வெச்சுட்டேன்.

காலையில ரவுண்ட்ஸ் வந்த டாக்டர்கிட்ட காட்டினேன். அவங்க பத்து செகண்ட் பார்த்தாங்க. "அவர் தைராய்டுல ஒண்ணும் இல்லீங்க. உடம்பு சீரியஸா இருக்கும்போது இப்படித்தான் வரும். மாத்திரை கொடுக்கப் போறதில்லை. வீட்டுக்குப் போய் ஆறு வாரம் கழிச்சு டெஸ்ட் பண்ணுங்க." அடுத்த பெட்டுக்குப் போயிட்டாங்க.

உண்மையைச் சொல்றேன், எனக்குக் கோபம்தான் வந்துச்சு. ஒரு ஹார்மோன் பாதிக்கும் கீழே இருக்கு. அதுக்கு மருந்து இருக்கு. விலையும் பெரிசா ஒண்ணும் இல்ல. ஒரு மனுஷன் உயிருக்குப் போராடிட்டிருக்கும்போது அதை ஏன் கொடுக்க மாட்டேங்கறாங்க? இந்தக் கேள்விக்கு அன்னிக்கு அங்க பதில் கேக்க எனக்கு நேரமும் இல்ல, தெம்பும் இல்ல. அப்புறம் வந்து படிச்சேன். எண்டோகிரைனாலஜி படிச்ச ஒரு காலேஜ் தோழியை மூணு தடவை போன்ல பிடிச்சு வெச்சுக் கேட்டேன். இந்த எபிசோட் அந்தப் பதில்தான்.

ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு. நம்ம ஊர்ல "அவளுக்குத் தைராய்டு இருக்கு"ன்னு சொல்வோம், நோய் இருக்குங்கற அர்த்தத்துல. தைராய்டு எல்லாருக்குமே இருக்கு. கழுத்து முன்பக்கம், குரல்வளைக்குக் கீழே, பட்டாம்பூச்சி சிறகை விரிச்ச மாதிரி உட்கார்ந்திருக்கிற ஒரு சுரப்பி. சின்ன விஷயம்தான், ஆனா இன்னிக்கு நாம பேசப் போறதே சுரப்பி நல்லா இருந்தும் எண் கெட்டுப்போற கதை. அதனால சுரப்பி வேற, நோய் வேற, ரிப்போர்ட்ல இருக்கிற எண் வேறன்னு பிரிச்சு வெச்சுக்கணும்.

அந்தச் சுரப்பி பெரும்பாலும் உற்பத்தி பண்றது டி4, அதாவது தைராக்ஸின். நாலு அயோடின் அணு ஒட்டிக்கிட்டிருக்கிற ஒரு மூலக்கூறு. அதனாலதான் பேர்ல 4. இதை முதல்ல பிரிச்செடுத்தவர் எட்வர்ட் கெண்டல், அமெரிக்காவுல மேயோ கிளினிக்ல, 1914 கிறிஸ்துமஸ் அன்னிக்கு. ரொம்ப வருஷம் இதுதான் தைராய்டு ஹார்மோன்னு நினைச்சிட்டிருந்தாங்க. 1952ல லண்டன்ல ஜாக் கிராஸ், ரோஸலிண்ட் பிட்-ரிவர்ஸ்னு ரெண்டு பேர் டி3ஐக் கண்டுபிடிச்சாங்க. ஒரு அயோடின் குறைவு, ஆனா வேகம் பல மடங்கு. செல்லுக்குள்ள போய் உண்மையில வேலை பாக்கறது இந்த டி3தான்.

சரி, டி3 எங்கேருந்து வருது? இங்கதான் கதையே இருக்கு. 1970ல பிரேவர்மேன், இங்பார், ஸ்டெர்லிங்னு மூணு ஆராய்ச்சியாளர்கள், சொந்தமாத் தைராய்டு வேலையே செய்யாத ஆட்களுக்கு வெறும் டி4 மட்டும் கொடுத்துப் பார்த்தாங்க. அவங்க ரத்தத்துல டி3 வந்துச்சு! அப்போ டி3ஐச் செய்ய சுரப்பியே தேவையில்லை. கல்லீரல், சிறுநீரகம், தசைன்னு உடம்பு முழுக்க டி4லேருந்து ஒரு அயோடினைக் கழட்டி டி3 ஆக்கிக்குது. நம்ம உடம்புல ஒரு நாளைக்கு உருவாகிற டி3ல ஏறத்தாழ 80 சதவீதம் இப்படி வெளியில தயாராகறதுதான். சுரப்பி நேரடியா அனுப்பறது மிச்சம்தான்.

சிம்பிளா சொன்னா டி4 அரிசி, டி3 சோறு. தைராய்டு அரிசி மூட்டையை அனுப்புது. ஒவ்வொரு வீட்டுலயும் அடுப்பு இருக்கு, தேவைக்குத் தகுந்த மாதிரி அவங்கவங்க பொங்கிக்கறாங்க. அந்த அடுப்புக்குப் பேர் டீஅயோடினேஸ். ஒரு வகை என்சைம். இதுல மூணு ரகம் இருக்கு. முதல் ரெண்டும் டி4ஓட வெளிப்பக்கத்து அயோடினைக் கழட்டி டி3 ஆக்கும். மூணாவது ரகம் உள்பக்கத்து அயோடினைக் கழட்டும். எண்ணிக்கை அதேதான், மூணு அயோடின், ஆனா தப்பான இடம். அதுக்குப் பேர் ரிவர்ஸ் டி3. வயித்துக்கு ஆகாத சோறு. செல் அதைக் கண்டுக்காது. இருக்கிற டி3ஐயும் இந்த மூணாவது ரகம் உடைச்சுப் போட்டுடும்.

கடும் நோய் வந்தா என்ன நடக்குது? நிமோனியா, ஹார்ட் அட்டாக், பெரிய ஆபரேஷன், தீக்காயம், செப்சிஸ், எதுவா வேணா இருக்கட்டும். சில மணி நேரத்துக்குள்ளயே டி3 இறங்க ஆரம்பிச்சிடுது. சுரப்பி நின்னுபோனதால இல்ல. அடுப்பை அணைச்சுட்டாங்க. ஐசியுவில இறந்துபோனவங்களோட கல்லீரலையும் தசையையும் சோதிச்ச ஒரு ஆய்வு 2003ல வந்துச்சு. டி3 தயாரிக்கிற முதல் ரகம் கல்லீரல்ல குறைஞ்சிருந்துச்சு. அதைவிட ஆச்சரியம், பெரியவங்க கல்லீரல்லயும் தசையிலயும் சாதாரணமா காணவே காணாத மூணாவது ரகம் அங்க முளைச்சிருந்துச்சு. அந்த மூணாவது ரகம் வழக்கமா நஞ்சுக்கொடியிலயும் கருவிலயும்தான் நிறைய இருக்கும். நோய் முத்தின உடம்பு அதை எங்கேயோ பரண்லேருந்து இறக்கிக் கொண்டுவந்த மாதிரி இருக்கு.

நோய் இன்னும் கடுமையாகி நாள் நீண்டா, டி4ம் இறங்கும். டி4ஐ ரத்தத்துல சுமந்துக்கிட்டுப் போற புரதங்கள் குறையறது ஒரு காரணம். மேலிடத்துலேருந்து உத்தரவு குறையறது இன்னொண்ணு. மூளையில ஹைப்போதலாமஸ், அது பிட்யூட்டரிக்குச் சொல்லணும், பிட்யூட்டரி டிஎஸ்எச் அனுப்பித் தைராய்டைத் தட்டி எழுப்பணும். சாதாரணமா டி3, டி4 குறைஞ்சா டிஎஸ்எச் சர்ருன்னு ஏறணும். கடும் நோயில ஏறாது. நார்மலா இருக்கும், இல்ல கம்மியா இருக்கும். போதாததுக்கு ஐசியுவில கொடுக்கிற ஸ்டீராய்டு, டோபமின் மாதிரி மருந்துகளும் டிஎஸ்எச்சை அழுத்தும். அப்பாவுக்கு ஸ்டீராய்டு போயிட்டிருந்துச்சு. ராத்திரி மூணு மணிக்கு நான் கண்டுபிடிச்ச மூளைக் கட்டிக்கு விளக்கம் இவ்வளவுதான்.

இதுக்கு டாக்டர்கள் வெச்சிருக்கிற பேர் நான்-தைராய்டல் இல்னஸ் சிண்ட்ரோம். அதாவது தைராய்டைச் சேராத நோயால தைராய்டு எண்கள் மாறறது. பழைய பேர் யூதைராய்டு சிக் சிண்ட்ரோம்; தைராய்டு நல்லா இருக்கு, ஆளுக்குத்தான் உடம்பு சரியில்லைன்னு அர்த்தம். பேரை ஏன் மாத்தினாங்கன்னா, செல்லுக்குள்ள ஹார்மோன் உண்மையிலயே போதுமான அளவு இருக்கான்னு உறுதியா சொல்ல முடியலை. எல்லாம் நல்லாத்தான் இருக்குன்னு பேர்லயே சொல்லிட்டா எப்படின்னு ஒரு தயக்கம். அந்தத் தயக்கத்துக்கு அப்புறம் வரேன்.

ஏன் உடம்பு இப்படிப் பண்ணணும்?

ஒரு துப்பு, பட்டினியில கிடைக்குது. நோயே இல்லாத, நல்லா இருக்கிற ஆளைச் சாப்பிடாம இருக்கச் சொன்னா ஒண்ணு ரெண்டு நாள்லயே டி3 இறங்குது, ரிவர்ஸ் டி3 ஏறுது. ஐசியு பேஷன்ட்டோட ரிப்போர்ட் மாதிரியே ஒரு சின்ன சைஸ் ரிப்போர்ட். டி3 தான் உடம்போட செலவு வேகத்தை நிர்ணயிக்கிற ஹார்மோன். வருமானம் நின்னா செலவைக் குறைக்கறது இயல்புதானே. பட்டினி இருக்கறவங்களுக்கு வெளியிலேருந்து டி3 கொடுத்துப் பார்த்திருக்காங்க. எண் சரியாச்சு. ஆனா சிறுநீர்ல நைட்ரஜன் வெளியேறறது கூடிடுச்சு. அப்படின்னா என்ன? உடம்பு தன் புரதத்தையே, தசையையே கரைச்சு எரிக்குதுன்னு அர்த்தம். எண்ணைத் திருத்தினாங்க, ஆள் இளைச்சார். (க்ராஷ் டயட் இருக்கறவங்க கவனிக்க. நாலு நாள் ஜூஸ் மட்டும் குடிச்சுட்டு அஞ்சாவது நாள் போய் தைராய்டு டெஸ்ட் கொடுத்தா என்ன வரும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க.)

சென்னைக்காரங்களுக்கு நான் வேற மாதிரி சொல்றேன். 2016 டிசம்பர், வர்தா புயல். புயல் கரையைக் கடக்கிற நேரத்துல கரண்ட் இல்ல. பல்பு ஃபியூஸ் போனதால இல்ல. கம்பி அறுந்து தண்ணியில விழுந்தா ஆள் செத்துடுவாங்கன்னு மின்வாரியமே நிறுத்தி வெச்சிருக்கு. அந்த நேரத்துல வீட்டுக்குள்ள உட்கார்ந்து, "லைட் எரியலை, பல்பை மாத்து"ன்னு சொன்னா எப்படி? நான் அந்த டாக்டர்கிட்ட கேட்டது கிட்டத்தட்ட அதுதான்.

ஆனா அந்தப் புயலை ஞாபகம் இருக்கறவங்களுக்கு இன்னொண்ணும் ஞாபகம் இருக்கும். புயல் போயிடுச்சு. மறுநாள் வெயிலே அடிச்சுது. கரண்ட் மட்டும் வரலை. சில ஏரியாவுல நாள் கணக்கா வரலை. அப்ப அது பாதுகாப்புக்காக நிறுத்தினது இல்ல, மரம் விழுந்து லைன் நிஜமாவே அறுந்திருந்தது. வெளியிலேருந்து பாக்கறவனுக்கு ரெண்டுமே ஒரே இருட்டுதான்.

இதுதான் ஐசியு தைராய்டுல இன்னும் தீராத விவாதம். முதல் சில நாள்ல டி3 குறையறது உடம்போட புத்திசாலித்தனம்னு பெரும்பாலும் ஒத்துக்கறாங்க. வாரக்கணக்கா ஐசியுவில கிடக்கறவங்களுக்கு வர்றது வேற ரகம்னு ஒரு தரப்பு சொல்லுது. பெல்ஜியத்துல லூவன் நகரத்து கிரேட்டா வான் டென் பெர்கே குழு இதுல ரொம்ப காலமா வேலை செய்யுது. அவங்க 2011ல வெளியிட்ட ஒரு பெரிய சோதனையில 4,640 ஐசியு பேஷன்ட்டுகள். ஒரு பாதிக்கு நரம்பு வழி உணவை உடனே ஆரம்பிச்சாங்க, இன்னொரு பாதிக்கு ஒரு வாரம் தள்ளிப் போட்டாங்க. தள்ளிப் போட்டவங்கதான் சீக்கிரம் தேறினாங்க! அதே பேஷன்ட்டுகள்ல ஒரு பகுதியோட தைராய்டு எண்களைப் பின்னாடி பார்த்தா, பட்டினி போட்டதால அவங்க எண்கள் இன்னும் மோசமாத்தான் போயிருந்துச்சு. டி3 இறங்கினது நன்மையோட சேர்ந்து போச்சு. டி4 இறங்கினது அப்படி இல்ல, அது அந்த நன்மையைக் கொஞ்சம் குறைச்சிருக்கலாம்னு கணக்கு சொல்லுச்சு. அடுப்பை அணைக்கறது சரி, மூட்டையே வராம போறது வேற விஷயம்னு நான் புரிஞ்சுக்கிட்டேன்.

டி4 ரொம்ப இறங்கினவங்களுக்கு ஆபத்து அதிகம்ங்கறது பழைய விஷயம், 1980கள்லயே தெரியும். டி4 எவ்வளவு கீழே போகுதோ அவ்வளவுக்கு இறப்பும் கூடுது. இதைப் படிச்ச உடனே யாருக்கும் தோணற அடுத்த கேள்வி, அப்போ டி4 கொடுத்தா பிழைப்பாங்களா?

கொடுத்துப் பார்த்தாங்க. 1986ல பிரென்ட், ஹெர்ஷ்மேன்னு ரெண்டு டாக்டர்கள் ஒரு சோதனையை வெளியிட்டாங்க. டி4 ரொம்பக் குறைஞ்ச 23 ஐசியு பேஷன்ட்டுகள். 11 பேருக்கு ஊசி மூலமா தைராக்ஸின், 12 பேருக்கு இல்ல. கொடுத்தவங்களுக்கு டி4 நல்லா ஏறிடுச்சு. டி3 ஏறலை. அடுப்பு அணைஞ்சிருக்கும்போது மூட்டையை இறக்கி என்ன பிரயோஜனம்? இறப்பு, மருந்து கொடுக்காதவங்கள்ல 75 சதவீதம், கொடுத்தவங்கள்ல 73 சதவீதம். வித்தியாசமே இல்ல. சின்ன சோதனைதான், 23 பேரை வெச்சு எதையும் அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா 2000ல இன்னொண்ணு வந்துச்சு, அது எனக்கு வயித்தைக் கலக்குச்சு. திடீர்னு சிறுநீரகம் செயலிழந்த 59 பேர். தைராக்ஸின் கொடுத்தா சிறுநீரகம் சீக்கிரம் மீளும்னு எதிர்பார்த்தாங்க. மீளலை. மருந்து போன பக்கம் 43 சதவீதம் பேர் இறந்தாங்க, போகாத பக்கம் 13 சதவீதம். சோதனையைப் பாதியிலயே நிறுத்திட்டாங்க.

நேரடியா டி3யே கொடுத்தா? பைபாஸ் ஆபரேஷன் நடந்தவங்களுக்குக் கொடுத்திருக்காங்க. 1995ல 142 பேர். இதயம் கொஞ்சம் நல்லா பம்ப் பண்ணுச்சு. ஆனா யாரோட முடிவும் மாறலை.

இதைப் படிச்சு முடிச்ச அன்னிக்குத்தான் அந்த டாக்டரோட பத்து செகண்ட் எனக்குப் புரிஞ்சுது. அவங்க அலட்சியமா இல்ல. கொடுக்காம இருக்கறதுக்குப் பின்னாடி நாப்பது வருஷத்து அனுபவம் இருக்கு. ஆனா அதை இன்னும் ஒரு நிமிஷம் நின்னு சொல்லியிருக்கலாம்ங்கற வருத்தம் எனக்கு இப்பவும் உண்டு.

இங்க ஒரு எச்சரிக்கை. "ஐசியுவில தைராய்டு எண் என்ன வந்தாலும் கண்டுக்க வேண்டாம்"னு நான் சொல்லலை. உண்மையான, முத்தின தைராய்டு குறைபாடே ஆளை ஐசியுவுக்குக் கொண்டுவரலாம். உடம்பு ஜில்லுன்னு இருக்கும், நாடி மெதுவா அடிக்கும், நினைவு மங்கும். மிக்ஸிடிமா கோமான்னு பேர். உடனே ஹார்மோன் கொடுக்கலைன்னா உயிர் போயிடும். டாக்டர்கள் அதுக்கான தடயங்களைத் தேடுவாங்க. டிஎஸ்எச் 20க்கு மேல இருக்கா, கழுத்துல ஆபரேஷன் தழும்பு இருக்கா, முன்னாடி ரேடியோ அயோடின் சிகிச்சை எடுத்திருக்காங்களா, வீட்டுல தைராய்டு மாத்திரை சாப்பிட்டுட்டிருந்தாங்களா. கடைசிக் கேள்விக்கு நீங்கதான் பதில் சொல்லணும். வென்டிலேட்டர்ல இருக்கிற அம்மா, "நான் தினமும் தைராக்ஸின் சாப்பிடுவேன்"னு சொல்ல மாட்டாங்க. ஏற்கெனவே தைராய்டு நோய் இருக்கறவங்களுக்கு ஐசியுவிலயும் அந்த மருந்து தொடரணும். அட்மிஷன் போடும்போது வீட்டு மாத்திரை டப்பாவையே கையோட எடுத்துட்டுப் போயிடுங்க. நான் போட்டோ எடுத்து வெச்சிருந்தேன். பதற்றத்துல அது போன்ல எங்க இருக்குன்னே தெரியலை.

அதனாலதான், தைராய்டு நோய்னு சந்தேகம் வர்ற மாதிரி காரணம் இல்லாம, கடும் நோய் நடுவுல இந்த டெஸ்ட்டை எடுக்காம இருக்கறதே நல்லதுங்கறதுதான் பொதுவான மருத்துவ ஆலோசனை. அப்பாவுக்கு ஏன் எடுத்தாங்கன்னு கேட்டேன். ஏதோ ஒரு ரத்தப் பரிசோதனை பேக்கேஜ்ல அதுவும் சேர்ந்து வந்துடுச்சாம். டெஸ்ட்டே அந்த நேரத்துல கொஞ்சம் தடுமாறும்ங்கறது இன்னொரு தலைவலி. ரத்தம் உறையாம இருக்கக் கொடுக்கிற ஹெப்பாரின், சோதனைக்குழாய்க்குள்ள வேலை காட்டி ஃப்ரீ டி4ஐ இல்லாத உயரத்துல காட்டலாம். ரிவர்ஸ் டி3ஐ அளந்தா தெளிவாயிடும்னு இன்டர்நெட்ல நிறைய பேர் எழுதறாங்க. உண்மையான குறைபாடு இருக்கறவங்களுக்கும் இல்லாதவங்களுக்கும் அந்த எண் ஒண்ணு மேல ஒண்ணா விழறதால பெரும்பாலும் உதவறதில்லைன்னு தோழி சொன்னா. ஐசியுவுக்கு வெளியில இருக்கிற உங்களுக்கு ஒரு தகவல். முடி வளர பயோட்டின் மாத்திரை, கம்மி எல்லாம் சாப்பிடறீங்கல்ல? சில லேப் முறைகள்ல அது டிஎஸ்எச்சைக் கம்மியாவும் ஹார்மோனைக் கூடுதலாவும் காட்டும். டெஸ்ட்டுக்குக் குறைஞ்சது ரெண்டு நாள் முன்னாடி நிறுத்திட்டுப் போங்க, லேப்லயும் சொல்லிடுங்க.

இப்ப எங்க கதைக்கு வரேன். ஏன்னா நிஜமான வில்லங்கம் ஐசியுவில இல்ல, டிஸ்சார்ஜ் அன்னிக்குத்தான் வந்துச்சு.

அப்பா வார்டுக்கு மாறி, டியூப் எல்லாம் எடுத்து, கஞ்சி குடிக்க ஆரம்பிச்சாச்சு. வீட்டுக்கு அனுப்பறதுக்கு முந்தின நாள் யாரோ மறுபடி தைராய்டு டெஸ்ட் எழுதிட்டாங்க. இந்தத் தடவை டிஎஸ்எச் 9.8. அம்புக்குறி மேல்நோக்கி! வார்டுல இருந்த வேற ஒரு டாக்டர் டிஸ்சார்ஜ் சம்மரியில ஒரு வரி சேர்த்துட்டார்: தைராக்ஸின் 50 மைக்ரோகிராம், தினமும் காலை. எவ்வளவு நாளைக்குன்னு எழுதலை. அப்படி எழுதாத மருந்து நம்ம வீடுகள்ல ஆயுசுக்கும்தான்.

மேலிடத்துலேருந்து உத்தரவு வராம கிடந்த சுரப்பியை, உடம்பு தேறும்போது பிட்யூட்டரி மறுபடி தட்டி எழுப்புது. கொஞ்சம் பலமாவே தட்டுது. அதனால குணமாகிற கட்டத்துல டிஎஸ்எச் தற்காலிகமா ஏறும், 20 வரைகூடப் போகலாம். கரண்ட் திரும்பி வரும்போது ஒரு நிமிஷம் வோல்டேஜ் எகிறுமே, அந்த மாதிரி. அந்த நாள்ல டெஸ்ட் எடுத்துப் பார்த்தா அச்சு அசல் தைராய்டு குறைபாடு மாதிரியே இருக்கும். உண்மையில அது அவர் பிழைச்சு வர்றதோட அடையாளம்.

ஐசியு டாக்டர் சொன்ன "ஆறு வாரம்" எனக்கு ஞாபகம் இருந்துச்சு. ஓபிடியில போய்க் காத்திருந்து அவங்களையே பார்த்தேன். சம்மரியைப் பார்த்துட்டு அந்த வரியை அவங்களே அடிச்சுக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாங்க. தேவையில்லாத தைராக்ஸினால 64 வயசுக்காரருக்கு இதயத் துடிப்பு தாறுமாறாகலாம், வருஷக்கணக்கா அளவு கூடிப் போனா எலும்பு தேயலாம்னு சொன்னாங்க. பெரியப்பா மட்டும் ஒத்துக்கலை. "டாக்டர் எழுதினதை டாக்டரே அடிக்கறாங்க, யாரை நம்பறது?" நியாயமான கேள்விதான்.

ஆறு வாரம் முடிஞ்சு போன வியாழக்கிழமை டெஸ்ட் எடுத்தோம். டிஎஸ்எச் 2.9. டி3 112. டி4 7.8. ஒரு மாத்திரையும் இல்லாம.

குரூப்ல போட்டேன். இந்தத் தடவை போடறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் யோசிச்சேன், ஏன்னா அத்தை என்ன கேப்பாங்கன்னு தெரியும். கேட்டாங்க. தனியா போன் பண்ணி, குரலே ஒரு மாதிரி இருந்துச்சு. "அப்போ எனக்கும் அப்படித்தானாடா? ஆறு வருஷமா சும்மாவே சாப்பிட்டுட்டு இருந்தேனா?"

மாத்திரையை நீங்களா நிறுத்திடாதீங்க அத்தைன்னு முதல்ல சொன்னேன். இதைக் கேட்டுட்டிருக்கிற உங்களுக்கும் அதேதான். இந்த எபிசோடைக் கேட்டுட்டு யாரும் பாட்டிலைத் தூக்கிப் போட்டுடாதீங்க. அத்தையோட பழைய ஃபைலைத் தேடி எடுத்தோம். டெங்குவுல அட்மிட் ஆன எட்டாவது நாள் எடுத்த டெஸ்ட், டிஎஸ்எச் 11. அதுக்கப்புறம் அந்த மாத்திரை தேவைதானான்னு யாரும் ஒரு தடவைகூடக் கேக்கலை. எனக்கு உள்ளுக்குள்ள, இதோ கண்டுபிடிச்சுட்டோம்னு ஒரு கர்வம்கூட வந்துச்சு.

எண்டோகிரைனாலஜிஸ்ட்கிட்ட கூட்டிட்டுப் போனேன். அவர் ஃபைலைப் பார்த்துட்டு, கழுத்தைத் தடவிப் பார்த்துட்டு, ஆன்டிபாடி டெஸ்ட் ஒண்ணு எழுதினார். தைராய்டைத் தன் உடம்பே தாக்குதான்னு பாக்கிற டெஸ்ட். அளவுக்கு மேல பல மடங்கு வந்துச்சு. அத்தைக்கு இருக்கறது நிஜமான தைராய்டு நோய். அன்னிக்கு டெங்கு நடுவுல எடுத்த டெஸ்ட்டை மட்டும் வெச்சு அதைச் சொல்லியிருக்க முடியாதுதான். ஆனா மாத்திரை தேவைதான், தொடரட்டும்னு சொல்லிட்டார்.

ஆட்டோவுல திரும்பி வரும்போது அத்தை ரொம்ப நேரம் பேசலை. அப்புறம், "போகட்டும், யாராவது கேட்டாங்களே"ன்னாங்க.

அப்பாவோட அடுத்த செக்கப் ஜனவரியில. இந்த எபிசோட்ல ஏதாவது புரியாம இருந்தா வாய்ஸ் நோட் அனுப்புங்க, தோழியை நாலாவது தடவை தொந்தரவு பண்றேன். ரிப்போர்ட் போட்டோ மட்டும் அனுப்பாதீங்க. உங்க டாக்டர்கிட்ட காட்டுங்க. ரெண்டு வாரத்துல பார்ப்போம்.